பழைய ஏடிவி வாங்கும்போது காகிதம் எப்படிக் கைமாறுகிறது

"அண்ணே, டைட்டில்ல கையெழுத்தெல்லாம் போட்டு வச்சுட்டேன். நீங்க வந்து வண்டிய ஏத்திட்டுப் போனா போதும்."

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், சாலைக்கு வெளியே ஓட்டும் தன் ஏடிவி வண்டியை எனக்கு விற்றபோது சொன்னது இது. டைட்டில் என்பது வண்டி யாருடையது என்று சொல்லும் காகிதம். எனக்கு அலைச்சல் மிச்சம் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் டைட்டில் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மா அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையெழுத்து எந்த நோட்டரி முன்னால் போட்டது?" என்று கேட்டார். நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று எப்படிச் சொல்வது? ஒஹாயோவில் விற்பவரின் கையெழுத்து நோட்டரி முன்னால்தான் விழ வேண்டும். அந்தக் காகிதம் அத்தோடு வீண். நண்பர் டூப்ளிகேட் டைட்டில் வாங்கி, இருவரும் சேர்ந்து போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அதுவரை பணம் அவரிடம், வண்டி என் கராஜில், சட்டப்படி சொந்தக்காரர் அவர். இடையில் வண்டி திருடு போயிருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் டீலரிடம் ஏடிவி வாங்கினால் இந்தக் காகித வேலையெல்லாம் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்வார். தனி ஆளிடம் வாங்கினால் விலை குறையும், ஆனால் டீலர் செய்கிற அந்த வேலை உங்கள் தலைக்கு வந்துவிடும். இதுவரை ஏடிவி வாங்கியதோ விற்றதோ இல்லாதவர்களுக்காக, அந்த வேலை என்னவென்று இங்கே சொல்கிறேன்.

முதலில் ஏடிவி என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். குதிரை மேல் உட்காருவது போல் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, பைக் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுகிற, காற்றழுத்தம் குறைந்த பெரிய டயர்கள் உள்ள வண்டிதான் ஏடிவி. சிலர் குவாட் என்பார்கள், சிலர் ஃபோர்வீலர் என்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கையும் ஸ்டியரிங் வீலும் இருந்தால் அது யுடிவி, அல்லது சைட்-பை-சைட். சில மாநிலங்களில் இரண்டுக்கும் விதி வேறு வேறு. படிவத்தில் எதை டிக் செய்கிறோம் என்பதிலேயே தவறு நடக்கும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு கேள்வி, இரண்டு காகிதம்

நம்மூரில் ஆர்.சி. புக் ஒன்று இருந்தால் கதை முடிந்தது. வண்டி யாருடையது, ரோட்டில் ஓட உரிமை இருக்கிறதா, இரண்டுக்கும் அதுவே பதில். அமெரிக்காவில் இந்த இரண்டு கேள்வியையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வண்டி யாருடையது என்பதற்குப் பதில் டைட்டில். அதை எங்கே ஓட்டலாம் என்பதற்குப் பதில் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பதிவு. டைட்டில் ஒரு முறை வாங்கினால், வண்டி அடுத்தவர் கைக்குப் போகும்வரை அதுதான். பதிவு அப்படியில்லை. அதற்குக் காலக்கெடு உண்டு, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பதிவு முடிந்துபோனால் வண்டி உங்களுடையதாகவே இருக்கும், டிரெயிலுக்கு, அதாவது இந்த வண்டிகள் ஓட்டவென்று விட்டிருக்கும் காட்டுப் பாதைக்கு, கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். பதிவு மட்டும் இருந்து டைட்டில் இன்னொருவர் பெயரில் கிடந்தால் அதுதான் உண்மையான சிக்கல்.

காருக்கு எல்லா மாநிலத்திலும் பெரும்பாலும் இரண்டும் வேண்டும் என்பதால் இந்தப் பிரிவு நம் கண்ணில் படுவதே இல்லை. ஏடிவி பொதுச் சாலைக்கு என்று செய்த வண்டியல்ல என்பதால், ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறது.

ஃபுளோரிடாவில் ஏடிவிக்கு டைட்டில் கட்டாயம், பதிவு என்பது கிடையாது. நியூயார்க் இதற்கு நேர் எதிர். அங்கே ஏடிவிக்கு டைட்டிலே தருவதில்லை, ஆனால் பதிவு கட்டாயம். சொந்த நிலத்தில் பொழுதுபோக்காக ஓட்டினாலும் பதிவு வேண்டும் என்பது பலருக்கு அதிர்ச்சி. ஒஹாயோவில் இரண்டும் உண்டு, ஆனால் சொந்த நிலத்தை விட்டு வெளியே போகாத வண்டிக்குப் பதிவு வேண்டியதில்லை. ஒரே மாதிரி வண்டி, மூன்று மாநிலம், மூன்று விதி. இணையத்தில் யாரோ "டைட்டில் எல்லாம் தேவையில்லை, ரசீது போதும்" என்று அடித்துச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதும் இதே கதைதான். டிஎம்வி என்கிற வாகனத்துறை அலுவலகம் ஒன்று இருக்கும், அங்கே போனால் ஆயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் ஏடிவியின் டைட்டில், பதிவு இரண்டையும் பார்ப்பது டிசிஎன்ஆர் என்கிற இயற்கை வளத்துறை. காருக்குப் போகிற இடத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் பதிவு டிஎன்ஆர் கையில், அதுவும் அந்தந்த மாநில இயற்கை வளத்துறைதான். மிச்சிகனில் டைட்டில் தருவது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் (பெயரைக் கேட்டு வெளியுறவு அமைச்சர் என்று மிரள வேண்டாம், டிரைவிங் லைசென்ஸ் தருவதும் அவர்கள்தான்), டிரெயிலில் ஓட்டுவதற்கான ஸ்டிக்கர் டிஎன்ஆர் பக்கம். ஒஹாயோவில் டைட்டில் கொடுப்பது கவுன்ட்டி கோர்ட் கிளார்க்கின் டைட்டில் ஆபீஸ், பதிவு கொடுப்பது பிஎம்வி என்கிற வாகனத்துறை. இரண்டுக்கும் இரண்டு வரிசை. வண்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் மாநிலத்தின் அரசு இணையதளத்தில் ஏடிவி அல்லது ஆஃப்-ஹைவே வெஹிக்கிள் என்று தேடி, எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால் இரண்டு மாநில விதியையும் பார்க்க வேண்டும். அவர் கொடுக்கும் காகிதம் அவர் மாநிலச் சட்டப்படி சரியாக இருக்கும், உங்கள் மாநில அலுவலகத்துக்கு அது போதாமல் போகும். நியூயார்க்காரரிடம் டைட்டில் கேட்டால் அவர் எங்கிருந்து தருவார்? அவரிடம் இருப்பது பதிவுக் காகிதம் மட்டும்தான். அதில் அவர் கையெழுத்தும், கூடவே விற்பனை ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும். டைட்டில் தராத மாநிலத்து வண்டிக்கு என்ன காகிதம் ஏற்பீர்கள் என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சேசிஸில் இருக்கும் அந்த 17 எழுத்து

வண்டியைப் பார்க்கப் போனால் எல்லோரும் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது ஒரு ஈரத்துணி. விற்பவர்கள் சிரிப்பார்கள். வின் நம்பர் என்கிற அடையாள எண் ஏடிவியின் ஃபிரேமிலேயே அடித்திருக்கும். பல மாடல்களில் முன்பக்கம் கீழே, சேறு அப்பிக் காய்ந்து கிடக்கிற இடத்தில்தான் அது இருக்கும். துடைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்து தெரியும். நேராக வெளிச்சம் அடித்தால் உலோகம் மினுங்குமே தவிர எழுத்து தெரியாது. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

1981 மாடலிலிருந்து இந்த எண் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, கியூ என்கிற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்யம் என்கிற எண்களோடு குழம்பிவிடும் என்பதால். டைட்டிலில் யாராவது பூஜ்யத்தை ஓ என்று எழுதியிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். பத்தாவது எழுத்து மாடல் வருடம். ஏ என்றால் 2010, பி என்றால் 2011, இப்படியே போய் ஈ என்றால் 2014, ஜி என்றால் 2016. ஐ கிடையாது என்பதால் எச் 2017-க்கு அடுத்து ஜே 2018. ஒரு முறை 2016 மாடல் என்று சொல்லி எனக்குக் காட்டிய வண்டியில் பத்தாவது எழுத்து ஈ. விற்பவர் ஏமாற்றவில்லை. அவர் அதை வாங்கிய வருடம் 2016, அதையே மாடல் வருடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

சரி, எண்ணைப் படித்தாயிற்று. இப்போது அதை டைட்டிலில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். டைப் அடித்தபோது விழுந்த பிழையாகவும் இருக்கலாம், இரண்டு வண்டியை வெட்டி ஒட்டிய கதையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதைத் திருத்துவது விற்பவரின் வேலை, உங்கள் வேலை அல்ல. ஃபிரேமில் எண் இருக்கும் இடம் அரைத்துத் தேய்த்தது போலவோ, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்தது போலவோ தெரிந்தால் பேச்சே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏடிவி எளிதில் திருடு போகும் வண்டி. சின்னது, இரண்டு பேர் சேர்ந்தால் பிக்கப் டிரக்கில் ஏற்றிவிடலாம், பல வண்டிகளில் நம்பர் பிளேட்டும் இருக்காது. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் என்ஐசிபி என்கிற அமைப்பின் வின்செக் பக்கத்தில் இந்த எண்ணைப் போட்டால், திருட்டுப் புகாரோ முழுச்சேதம் என்ற பதிவோ காப்பீட்டுக்காரர்களிடம் இருக்கிறதா என்று காட்டும். கட்டணம் இல்லை. காப்பீடே எடுக்காத வண்டி திருடு போயிருந்தால் அதில் வராது, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளூர் போலீசிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

கடன் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. புது ஏடிவியைப் பலர் தவணையில் வாங்குகிறார்கள். கடன் தீராதவரை கடன் கொடுத்தவரின் பெயர் லீன்ஹோல்டர் என்று டைட்டிலில் இருக்கும். சில மாநிலங்களில் டைட்டிலே அவர்கள் கையில்தான், அல்லது மின்னணுப் பதிவாக இருக்கும். "கடன் எப்பவோ முடிஞ்சிடுச்சு, காகிதம்தான் இன்னும் வரலை" என்று சொல்வது நிறைய நடக்கிறது, பாதி நேரம் அது உண்மையும்கூட. உண்மையென்றால் லீன் ரிலீஸ் என்கிற கடன் தீர்ந்த கடிதத்தைக் காட்டட்டும். கடன் இன்னும் பாக்கி என்றால், கடன் கொடுத்த வங்கியிலேயே சந்தித்து, உங்கள் பணத்தில் பாக்கியை அங்கேயே அடைத்து, மிச்சத்தை அவருக்குக் கொடுங்கள். கடன் உள்ள வண்டியை முழுப்பணம் கொடுத்து வாங்கிவிட்டால், அவர் தவணை கட்டாமல் விட்ட மாதம் வங்கி ஆள் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

கையெழுத்துப் போடும் நாள்

என் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதிலிருந்து கிடைத்த விதி இது: வாங்குபவரும் விற்பவரும் நேரில் சேரும்வரை டைட்டிலில் பேனா படக்கூடாது. நோட்டரி கேட்கும் மாநிலமானால் நோட்டரி முன்னால்தான். ஒஹாயோவில் டைட்டில் ஆபீசிலேயே அதைச் செய்துகொடுப்பார்கள் என்பதால் இருவரும் அங்கே சந்திப்பது சுலபம். நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம்.

டைட்டிலின் பின்பக்கத்தில் உரிமை மாற்றப் பகுதி இருக்கும். அதில் வாங்குபவர் பெயர், முகவரி, விலை, தேதி எல்லாம் நிரப்பிய பிறகு விற்பவர் கையெழுத்து. பெயர் முன்பக்கத்தில் அச்சாகியிருப்பது போலவே கையெழுத்தாக வேண்டும். நம் ஆட்களுக்கு இங்கேதான் இடறும். முன்பக்கத்தில் முழுப் பெயரும் அப்பா பெயரும் நீளமாக இருக்கும், இவர் பழக்கத்தில் இனிஷியல் போட்டுச் சுருக்கிக் கிறுக்கிவிடுவார். தவறு செய்துவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள், வெள்ளை மையைத் தொடவே தொடாதீர்கள். திருத்தம் உள்ள டைட்டிலை அலுவலகம் ஏற்க மறுத்தால் டூப்ளிகேட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

இரண்டு பேர் பெயரில் டைட்டில் இருந்தால், அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். கணவன் "அண்ட்" மனைவி என்று இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். "ஆர்" என்று இருந்தால் பல மாநிலங்களில் யாராவது ஒருவர் போட்டால் போதும். மூன்றெழுத்துச் சொல், அதனால் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மனைவி அன்று ஊரில் இல்லை.

இன்னொன்று, டைட்டிலில் உள்ள பெயரும் உங்களுக்கு விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். "இது நான் இன்னொருத்தர்கிட்ட வாங்கினது, அவர் கையெழுத்து இருக்கு, உங்க பெயரை நேரா எழுதிக்கங்க" என்று சொன்னால், நடுவில் இருந்தவர் தன் பெயருக்கு மாற்றாமல், வரி கட்டாமல் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். இதை டைட்டில் ஜம்ப்பிங் என்பார்கள், சட்டவிரோதம். நாளைக்கு அதில் ஒரு பிரச்சினை என்றால், கையெழுத்துப் போட்ட முதல் ஆளை உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது. சொந்தக்காரர் இறந்துபோய் அவர் பிள்ளை விற்கிறார் என்றால், பிள்ளை கையெழுத்து மட்டும் போதாது. அவருக்கு அந்த அதிகாரம் இருப்பதற்கான நீதிமன்றக் காகிதமோ மாநிலம் கேட்கும் உறுதிமொழியோ வேண்டும். முதலில் தன் பெயருக்கு மாற்றிவிட்டு விற்கச் சொல்வது எல்லோருக்கும் நிம்மதி.

பில் ஆஃப் சேல் என்கிற விற்பனை ரசீதைச் சிலர் டைட்டிலுக்கு மாற்று என்று நினைக்கிறார்கள். டைட்டில் உள்ள மாநிலத்தில் அது மாற்று அல்ல. இந்த வண்டி, இந்தத் தேதியில், இந்த விலைக்கு, இவரிடமிருந்து இவருக்குப் போனது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. ஆனால் நல்ல சாட்சி. பல மாநிலங்கள் தங்கள் தளத்தில் இதற்குப் படிவம் வைத்திருக்கின்றன, இல்லையென்றால் வெள்ளைத்தாளே போதும். இருவரின் முழுப் பெயரும் முகவரியும், தயாரிப்பாளர், மாடல், வருடம், 17 எழுத்து எண், விலை எண்ணாலும் எழுத்தாலும், தேதி, இரண்டு கையெழுத்து. "உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல்" என்று ஒரு வரியை விற்பவர் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்படி எழுதியிருந்தால், அடுத்த வாரம் கார்புரேட்டர் தகராறு செய்தது என்று யாரும் வந்து நிற்க முடியாது. இரண்டு பிரதி, ஆளுக்கு ஒன்று.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய தொகையென்றால் வாங்குபவரின் வங்கிக்கே இருவரும் போய்விடுங்கள். வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் என்றால் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள், அதனால்தான் போலி கேஷியர்ஸ் செக் இவ்வளவு புழங்குகிறது. வங்கி ஊழியர் உங்கள் கண்ணெதிரே எழுதித் தருவதைப் பார்த்தால் சந்தேகம் இல்லை. விளம்பர விலையைவிடக் கூடுதலாகச் செக் அனுப்புகிறேன், மிச்சத்தை வண்டியை எடுக்க வரும் லாரிக்காரரிடம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி, வேறு ஒன்றும் இல்லை.

விற்றவர் நிம்மதியாகத் தூங்க

வண்டி போய்விட்டது, பணம் வந்துவிட்டது, விற்றவர் அத்தோடு மறந்துவிடுகிறார். வாங்கியவர் அலுவலகத்துக்குப் போகாமலே விட்டால், அரசாங்கப் பதிவேட்டில் வண்டி இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கும். அந்த வண்டி யாருடைய வேலியையாவது உடைத்தாலோ, காட்டில் அநாதையாகக் கிடந்தாலோ, முதலில் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். இதற்காகவே பல மாநிலங்களில் விற்றவர் கொடுக்கும் அறிவிப்புப் படிவம் உண்டு. கலிஃபோர்னியாவில் அதற்குப் பெயர் ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டி, இணையத்திலேயே நிரப்பலாம். டெக்சஸில் வெஹிக்கிள் டிரான்ஸ்ஃபர் நோட்டிஃபிகேஷன் என்று ஒன்று. அதைக் கொடுத்து, உறுதிச்சீட்டை பில் ஆஃப் சேலோடு சேர்த்து வையுங்கள். காப்பீடு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் உரிமை மாறிய பிறகு. வண்டியில் உங்கள் பிளேட் இருந்தால் அது வண்டியோடு போகுமா, உங்களிடம் இருக்க வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விளம்பரம் போடும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் பக்கம் வேலை கொஞ்சம் அதிகம். டைட்டிலை மாற்றக் கெடு உண்டு. ஒஹாயோவில் 30 நாள், தாண்டினால் சின்ன அபராதம். மிச்சிகனில் 15 நாள். அபராதம் பெரிதல்ல, தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் விற்றவரின் போன் நம்பர் மாறிவிடும், அதுதான் பெரிய தண்டனை.

அப்புறம் வரி. தனி ஆளிடம் வாங்கினாலும் விற்பனை வரியோ அதற்கு ஈடான யூஸ் டாக்ஸோ பல மாநிலங்களில் உண்டு, டைட்டிலோ பதிவோ மாற்றும்போது அங்கேயே வாங்கிவிடுவார்கள். ஒஹாயோவில் டைட்டில் ஆபீசிலேயே கட்ட வேண்டும். நியூயார்க்கில் டிடிஎஃப்-802 என்ற படிவத்தில் விலையைக் குறிப்பிட வேண்டும். அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே ஏடிவி என்று இருக்கும். ஆரிகன், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகிய மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை.

"ரசீதில் 500 டாலர்னு போட்டுக்கலாமே" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 4,000 டாலர் வண்டிக்கு 6 சதவீதம் என்றால் 240 டாலர் வரி. 500 என்று எழுதினால் 30 டாலர். மிச்சம் 210. ஆனால் மிச்சிகன் போன்ற மாநிலங்கள் எழுதிய விலையையும் சந்தை மதிப்பையும் பார்த்து எது அதிகமோ அதன் மேல்தான் வரி போடுகின்றன. நியூயார்க் படிவமும் சந்தை விலையைவிடக் குறைவாக விற்றீர்களா என்று தனியாகக் கேட்கிறது. பொய் விலை எழுதுவது குற்றம். அதைவிட, நாளைக்கு அது திருட்டு வண்டி என்று போலீஸ் எடுத்துப்போய், விற்றவர் மேல் நீங்கள் வழக்குப் போட்டால், உங்கள் கையெழுத்திட்ட ரசீதே நீங்கள் கொடுத்தது 500 என்று சொல்லும். 210 டாலருக்காக 3,500 டாலரைப் பணயம் வைப்பது எனக்குப் புரியாத கணக்கு. உண்மையிலேயே குடும்பத்துக்குள் கைமாறும் வண்டி என்றால் சில மாநிலங்களில் வரிவிலக்கு உண்டு, அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்கலாம்.

டைட்டில் இல்லை என்றால்?

விளம்பரத்தில் "நோ டைட்டில்" என்று இருந்தால் விலை ஆசை காட்டும். இல்லாததற்குப் பல காரணம் இருக்கலாம். தொலைந்திருக்கலாம். அப்படியென்றால் விற்பவரே டூப்ளிகேட் வாங்கித் தரட்டும், அவர் பெயரில் வண்டி இருந்தால் அது கஷ்டமான வேலையில்லை. அவர் அதற்கு மறுத்தால் காரணம் வேறு. வண்டி டைட்டில் தராத மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம், இது நியாயமான காரணம். அல்லது முதலில் வாங்கியவர் டைட்டிலே எடுத்திருக்க மாட்டார். புது வண்டியோடு தயாரிப்பாளர் தரும் எம்சிஓ என்கிற காகிதம் ஒன்று வரும், வண்டியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதைக் கொடுத்துத்தான் முதல் டைட்டில் வாங்க வேண்டும். பண்ணையில் மட்டும் ஓட்டியவர்கள் சிலர் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அந்தக் காகிதம் கிடைத்தால் வழி இருக்கிறது. பெயர் தெரியாத பிராண்டுகளின் மலிவான இறக்குமதி வண்டிகளில் அது கிடைக்காமலே போவதும் உண்டு.

எதுவுமே கிடைக்காதபோது சில மாநிலங்களில் பாண்டட் டைட்டில் என்று ஒரு வழி உண்டு. பின்னால் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் அவருக்கு ஈடு கொடுக்க ஒரு பாண்ட், அதாவது பிணைப் பத்திரம், வாங்கி வைக்க வேண்டும். டெக்சஸில் அந்தப் பாண்ட் வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்கு, 3 வருடம். 3,000 டாலர் வண்டிக்கு 4,500 டாலர் பாண்ட். அந்த முழுத்தொகையையும் நீங்கள் கட்டுவதில்லை, பாண்ட் விற்கும் நிறுவனத்துக்குப் பிரீமியம் மட்டும்தான். நடக்கிற வழிதான், ஆனால் முதல் ஏடிவி வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன். டைட்டில் உள்ள வண்டி அடுத்த தெருவிலேயே கிடைக்கும்.

பழைய வண்டி தேடும்போது மூன்று சக்கர ஏடிவி கண்ணில் படலாம். எளிதில் கவிழ்ந்து நிறையப் பேர் அடிபட்டதால், 1988-இல் தயாரிப்பாளர்கள் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவற்றைப் புதிதாக விற்பதை நிறுத்தினார்கள். 2008 சட்டம் புது மூன்று சக்கர வண்டியை விற்பதையே தடை செய்தது. பழையது தனி ஆட்களிடையே இன்னும் கைமாறுகிறது. சேகரிப்பவருக்கு அது பொக்கிஷம், பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வாங்காதீர்கள். பிள்ளைக்கு என்றால் ஃபெண்டரில் ஒட்டியிருக்கும் வயது லேபிளைப் பாருங்கள். பெரிய வண்டிகளில் 16 வயதுக்குக் கீழே கூடாது என்று இருக்கும்.

குறை கண்டு தயாரிப்பாளர் ரீகால் செய்த, அதாவது திரும்ப அழைத்த, வண்டியா என்றும் பார்க்க வேண்டும். கார் ரீகால் தேடும் என்எச்டிஎஸ்ஏ தளத்தில் ஏடிவியைத் தேடிப் பயனில்லை. சாலைக்கு வெளியே ஓடும் வண்டி என்பதால் இதைப் பார்ப்பது சிபிஎஸ்சி, அதாவது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். ரீகால் வேலையைத் தயாரிப்பாளரின் டீலர் இலவசமாகச் செய்வார், இரண்டாவது மூன்றாவது சொந்தக்காரர் என்றாலும்.

கடைசியாகப் பதிவு. டைட்டில் உங்கள் பெயருக்கு வந்த பிறகு இது சுலபம். காகிதம், அடையாள அட்டை, கட்டணம், அவ்வளவுதான். ஒஹாயோவில் 3 வருடத்துக்கு ஒரு முறை. நியூயார்க்கில் சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டுவதென்றால் காப்பீடும் வேண்டும். பதிவு வாங்கிவிட்டால் ரோட்டில் ஓட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அரிசோனா, யூட்டா, மான்டானா போன்ற சில மாநிலங்களில் விளக்கு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் பொருத்திச் சாலைக்கு ஏற்ற வண்டியாக மாற்ற வழி இருக்கிறது. மற்ற பல இடங்களில் டிரெயிலுக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்து மாநில டிரெயிலுக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் பதிவு அங்கே செல்லுமா, வெளிமாநிலத்தவருக்குத் தனி ஸ்டிக்கர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்டிக்கரை ஒட்டும் முன் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். என்னுடைய முதல் ஸ்டிக்கர் இரண்டாவது சவாரியிலேயே சேற்றோடு போய்விட்டது. இப்போது பதிவுக் காகிதத்தின் நகல் ஒன்று ஜிப்லாக் பையில், சீட்டுக்கு அடியில் இருக்கிறது.